ஆயிரம் கிரைண்டர் வண்டி

உட்காருங்க தம்பி. அந்த ஓரத்துல வேண்டாம், வெயில் ஏறினா தகரம் முதுகைப் பொசுக்கிடும். இப்படி வாங்க. உங்க முறை வர இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். இப்ப ஒருத்தர் ஓட்டிட்டிருக்கார், அவர் முடிக்கணும். அப்புறம் அந்த ஆரஞ்சுக் கூம்பெல்லாம் திரும்ப அடுக்கணும். இந்தப் பயிற்சித் தடத்து நடைமுறை எல்லாம் எனக்கு அத்துப்படிங்க.

முகத்தைப் பார்த்தாலே தெரியுது. பெரிய வண்டி வாங்கியிருக்கீங்க, ஆனா வாங்கின சந்தோஷம் முகத்துல இல்லை. ஷோரூம்ல கறுப்புச் சாவி ஒண்ணைக் கையில கொடுத்து, "இதைப் போட்டா சாதாரண காராட்டம் போகும். முழு வேகமும் வேணும்னா சிவப்புச் சாவி. அது ரெண்டு நாள் பயிற்சி முடிச்சவங்களுக்குத்தான்"னு சொல்லியிருப்பாங்க. சரிதானே? டாக்டருங்களா நீங்க? நல்லது. அறுத்துத் தைக்கிற கைக்கே பயிற்சி கேட்கறாங்க பாருங்க.

நான் ரத்தினசபாபதி. கோயம்புத்தூர் ஆவாரம்பாளையத்துல கிரைண்டர் கம்பெனி. ஓட்டல்ல மாவாட்டுவாங்களே, பெரிசா, சாய்ச்சா மாவு வழியற மாதிரி, அது நம்ம சரக்கு. ஒவ்வொண்ணுலயும் அரை ஹெச்.பி. மோட்டார். இப்ப என் வண்டிக்கு வாங்க. ஐந்நூத்திப் பத்து ஹெச்.பி. அப்படின்னா என்ன? ஆயிரத்து இருபது கிரைண்டர். ஷோரூம்காரர் தோல் சீட்டு, பாட்டுப் பெட்டின்னு ஏதேதோ சொல்லிட்டிருந்தார். எனக்கு எதுவும் காதுல ஏறலை. கம்பெனி வாசல்ல இருந்து மெயின் ரோட்டைத் தாண்டி, வரிசையா ஆயிரத்து இருபது கிரைண்டர் நிக்குது. அத்தனைக்கும் ஒரே சுவிட்சு. அது என் வலது காலுக்கு அடியில. வேண்டாம்னு சொல்ல மனசு வருமா?

அப்பத்தான் பயிற்சின்னாங்க. மோட்டாரைப் பிரிச்சுக் கோக்கற என்கிட்ட. முப்பது வருஷமா வண்டி ஓட்டற என்கிட்ட.

சரின்னுட்டேன். "வண்டி ஓட்டறவர் வரணும்"னு சொன்னாங்க. எங்க வீட்டுல வண்டி ஓட்டறவன் யாரு? மருதாசலம். பதினெட்டு வருஷமா நம்ம டிரைவர். அவன் பேரை எழுதிக் கொடுத்து அனுப்பிட்டேன். சிரிக்காதீங்க. நான் எதுக்குத்தான் நேர்ல போயிருக்கேன்? கரண்ட் ஆபீஸ்ல மனு கொடுக்கணுமா, மருதாசலம். பள்ளிக்கூடத்துல பெத்தவங்க கூட்டமா, மருதாசலம். எங்க பொண்ணோட கணக்கு டீச்சர் ரொம்ப நாள் அவனைத்தான் அப்பான்னு நினைச்சிட்டிருந்தாங்க. ஒருதரம் சர்க்கரைக்காக தினம் நாலு கிலோமீட்டர் நடக்கச் சொன்னாங்க, அதுக்கும் அவனைத்தான்... சரி விடுங்க, நீங்க டாக்டர்.

ரெண்டு நாள் கழிச்சு வந்தான். நடையே மாறிப்போச்சுங்க. முதுகு நிமிர்ந்து, கண்ணு நேரா பார்க்குது. கழுத்துல சிவப்புச் சாவி தொங்குது.

"கொண்டா மருதாசலம்"னு கையை நீட்டினேன்.

"இல்லீங்க முதலாளி."

"என்னடா இல்லீங்க?"

"பயிற்சி முடிக்காதவங்க கையில கொடுக்க மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேனுங்க."

"அது என் வண்டிடா."

"வண்டி உங்களுதுங்க. கையெழுத்து என்னுதுங்க."

பதினெட்டு வருஷத்துல அவன் எனக்குச் சொன்ன முதல் இல்லீங்க அது. கோவம் வந்துச்சு. ஆனா ஒண்ணு சொல்லணும், நல்லாச் சொன்னான். சொல்லிட்டு அவன்பாட்டுக்கு வண்டியைத் துடைக்கப் போயிட்டான்.

சரி, அவனே ஓட்டட்டும், நாம பின்சீட்டுல சாய்ஞ்சுக்கலாம்னு பார்த்தா, அந்த வண்டிக்குப் பின்சீட்டே கிடையாதுங்க. மொத்தமே ரெண்டு சீட்டு. முதலாளியும் டிரைவரும் அண்ணன் தம்பியாட்டம் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து போறோம். அவன் என்னைப் பார்த்து, "பெல்ட்டை இறுக்கிப் போடுங்க முதலாளி. காலை டேஷ்போர்டுல வைக்காதீங்க"ங்கறான். அவிநாசி ரோட்டு சிக்னல்ல நாலஞ்சு காலேஜ் பசங்க ஓடி வந்தாங்க. மருதாசலத்தைப் பார்த்து, "அண்ணா, உங்க வண்டி செமையா இருக்கு, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"ன்னாங்க. அவன் வேண்டாம் வேண்டாம்னான். அதுக்குள்ள ஒருத்தன் போனை என் கையில திணிச்சு, "அங்கிள், கொஞ்சம் எடுத்துக் கொடுங்க"ன்னுட்டான்.

எடுத்துக் கொடுத்தேன். நல்லாத்தான் விழுந்திருந்துச்சு.

இது எப்படியோ எங்க சகலை காதுக்குப் போயிடுச்சு. அவரைப் பத்தி உங்களுக்குச் சொல்லணும். என் சம்சாரம் பூங்கோதையோட அக்கா வீட்டுக்காரர், சிவசண்முகம். காங்கேயத்துல அரிசி ஆலை. என்னைவிட மூணு வயசு மூப்பு, அந்த மூணு வயசை முப்பது வருஷமா என் தலையில வெச்சு அரைக்கறார். நான் மாடி கட்டினா அவர் லிஃப்ட் வைப்பார். அவர் தென்னந்தோப்பு வாங்கினா நான்... எனக்குத் தென்னை பிடிக்காது, இருந்தாலும் வாங்கினேன். ஒரு கல்யாணப் பந்தியில, இலை போட்டு உட்கார்ந்திருக்கும்போது, அத்தனை பேர் காதுல விழற மாதிரி சொல்றார்: "நம்ம சபாபதி டிரைவருக்கு நல்ல வண்டி வாங்கிக் கொடுத்திருக்கான். பக்கத்துல உட்கார்ந்து ஏசிக் காத்து வாங்கறான்."

ரசம் இறங்கலீங்க எனக்கு.

அடுத்த ஏழாவது வாரம் அவர் பேரனுக்குக் காதுகுத்து, காங்கேயம் பக்கத்துல அவங்க குலதெய்வக் கோயில்ல. அந்தப் பந்தியிலயே முடிவு பண்ணினேன். சிவப்புச் சாவியைப் போட்டு நானே ஓட்டிட்டு, அந்தக் கோயில் வாசல்ல, சகலை பட்டு வேட்டி கட்டி நிக்கற நேரம் பார்த்து, ஆயிரத்து இருபது கிரைண்டரையும் ஒரே மிதியில ஓட விடணும். இல்லைன்னா அந்த வண்டி எனக்கு எதுக்கு?

அதுக்காகத்தான் இங்கே வந்தேன். பயிற்சி வேணும்னு இல்லை.

அதோ தொப்பி போட்டுக்கிட்டு நிக்குதே, அந்தப் பொண்ணு பேரு பெனிட்டா. நாகர்கோவில் பக்கம். பந்தயம் ஓட்டின பொண்ணாம். இருபத்தெட்டு வயசு. நான் வண்டி ஓட்ட ஆரம்பிச்சப்ப அது பிறக்கவே இல்லை, இதை நான் அதுகிட்டயே சொன்னேன். "அப்ப நான் பிறந்ததுல இருந்தே தப்புப் பண்ணிட்டு வந்திருக்கீங்க சார்"னு சிரிச்சுக்கிட்டே சொல்லுது. மரியாதையாத்தான் பேசும், ஆனா பேசும்.

முதல் வேலையா என்ன பண்ணுச்சு தெரியுங்களா? ஹார்னைப் பிடுங்கிடுச்சு. ஃபியூஸைக் கழட்டிச் சட்டைப் பையில போட்டுக்கிச்சு. ஹார்ன் இல்லாம வண்டி எப்படிங்க திரும்பும்? எனக்குத் தெரிஞ்சு ஸ்டியரிங்குல பாதி வேலை ஹார்னுதான் பண்ணும். முதல் வளைவுல கை தானாப் போய் நடுவுல அழுத்துது, சத்தம் வரலை. என்னை அறியாம வாயால பாம் பாம்னு ரெண்டு தடவை சொல்லிட்டேன். பக்கத்து சீட்டுல அந்தப் பொண்ணு அட்டையில ஏதோ எழுதுச்சு.

அப்புறம் பிரேக்கு. "நூறு கிலோமீட்டர்ல போயி, முழு பலத்தோட மிதிங்க சார்"ங்குது. நான் பதமா மிதிச்சேன். "முழுசா சார்." இன்னும் கொஞ்சம் மிதிச்சேன். அடியில கடகடன்னு பெடல் நடுங்குதுங்க. ஏதோ உடைஞ்சு போச்சுன்னு பதறிக் காலை எடுத்துட்டேன். வண்டி கூம்புகளுக்குள்ள புகுந்து, பதினோரு கூம்பு சாய்ஞ்சுது. அந்த நடுக்கம் எதுவும் உடையறதால இல்லையாம். சக்கரம் வழுக்காம இருக்க வண்டியே பண்ற வேலையாம். நடுங்கினா இன்னும் அழுத்தணுமாம்.

"முப்பது வருஷத்துல ஒரு தடவையாவது பிரேக்கை முழுசா மிதிச்சிருக்கீங்களா சார்?"னு கேட்டுச்சு.

"மிதிக்க வேண்டிய அவசியமே வந்ததில்லைம்மா. அதுதான் திறமை."

"அது எதிர்ல வந்தவங்க திறமை சார்."

முதல் தடவை ஃபெயில் போட்டுருச்சு. ரெண்டாவது தடவை தண்ணி பாய்ச்சின இடத்துல ஓட்டணும். அங்க வண்டி பம்பரமாட்டம் மூணு சுத்துச் சுத்திப்போட்டு, மலையைப் பார்த்து நின்னுச்சு. நல்ல காட்சிங்க, அன்னைக்கு மேகம் வேற. மலையைப் பார்க்கத்தான் திருப்பினேன்னு சொன்னேன். அந்தப் பொண்ணு அதையும் அட்டையில எழுதிக்கிச்சு. மறுபடி ஃபெயில். தடத்து ஓரத்துல நின்னு மருதாசலம் எனக்கு, "கூம்பைப் பார்க்காதீங்க முதலாளி, போற இடத்தைப் பாருங்க"ன்னு கத்தறான். கண்ணு எங்க பார்க்குதோ அங்கதான் வண்டி போகுமாம். நான் கேட்கலை. டிரைவர் சொல்லிக் கேட்டா அப்புறம் என்ன மரியாதை?

இப்படியே காதுகுத்து வந்திருச்சு. எங்கிட்ட இருக்கறது கறுப்புச் சாவி.

அன்னைக்குக் காலையில குளிச்சு, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை போட்டு வெளியே வர்றேன். மருதாசலம் வாசல்ல நிக்கறான். கழுத்துல இருந்து சாவியைக் கழட்டி என் கையில வெச்சான்.

"ரெண்டு நாளா சோறு இறங்கலீங்க. அந்த மனுஷர் முன்னாடி உங்களைத் தலைகுனிய வைக்க முடியலை. கையெழுத்தை மீறினது நானா இருந்துட்டுப் போறேன்."

கண்ணைத் துடைச்சுக்கிட்டேன். தூசிங்க, பெருக்கிட்டிருந்தாங்க வாசல்ல. சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். பூங்கோதையை இடப்பக்கம் உட்கார வெச்சுக் கிளம்பினேன், கறுப்புச் சாவியில. பல்லடம் தாண்டினதும் ரோடு வெறிச்சுன்னு கிடக்கு. பூங்கோதை கேட்குறா:

"ஏனுங்க, சிவப்பை மாத்தலீங்களா?"

"இருக்கட்டும்மா. கோயில்கிட்டப் போயி மாத்திக்கலாம்."

கோயிலுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு வேப்ப மரத்தடியில நிறுத்தினேன். சிவப்புச் சாவியைக் கையில எடுத்துட்டேன். கண்ணாடி வழியாப் பார்க்கறேன். பந்தல் போட்டிருக்கு. பெரியவங்க பிளாஸ்டிக் நாற்காலியில காலை நீட்டிக்கிட்டு இருக்காங்க. பொடிசுக ரோட்டுக்குக் குறுக்க மறுக்க ஓடுதுக. பலூன்காரர் நட்ட நடுவுல நிக்கறார். அங்க ஒரு பிடி மண்ணு வழுக்கினா, நான் எங்க பார்ப்பேன்? பலூனைத்தான் பார்ப்பேன்.

அன்னைக்குப் புழுக்கம் ஜாஸ்தி, கை வேர்த்துப் போச்சு. அதனால சாவியை மாத்தலை. பயம் எல்லாம் ஒண்ணும் இல்லைங்க. திரும்பப் பையில போட்டுக்கிட்டு, மெதுவா உருட்டிக்கொண்டு போயி நிறுத்தினேன். ஒருத்தர் தலை திரும்பலை.

சகலை வந்தார். வண்டியை ஒரு சுத்துச் சுத்திப் பார்த்தார். "என்னப்பா, சத்தமே காணோம்? நீயே செஞ்ச மிஷினா?"ன்னார். கூட நின்னவங்க எல்லாம் சிரிக்கறாங்க.

"சிவப்புச் சாவி கொண்டு வரலீங்க சகலை. வீட்டுல மறந்துட்டேன்."

"அப்ப பாக்கெட்டுல என்ன?"

குனிஞ்சு பார்த்தேன். மெல்லிசு வெள்ளைச் சட்டைங்க. உள்ளே சாவி, நெத்திக் குங்குமமாட்டம் சிவப்பாத் தெரியுது.

சகலை கையை நீட்டிட்டார். "உனக்குப் பயமா இருந்தா கொண்டா. நான் ஓட்டிக் காட்டறேன். முப்பத்தஞ்சு வருஷமா ஓட்டறேன்."

கேட்டீங்களா தம்பி. அது என்ன பேச்சு? முப்பத்தஞ்சு வருஷமா ஓட்டினா? முப்பத்தஞ்சு வருஷமும் தப்பா ஓட்டியிருந்தா? சிலபேர் இப்படித்தாங்க, தனக்கு எல்லாம் தெரியும்னு நினைப்பு. எனக்கு அந்த மாதிரி ஆளுகளைக் கண்டாலே ஆகாது.

"பயிற்சி முடிச்சிருக்கீங்களா சகலை?"ன்னு கேட்டேன்.

"என்னது?"

"ஒரு தடவையாவது பிரேக்கை முழுசா மிதிச்சிருக்கீங்களா? பெடல் நடுங்குமே, அப்ப என்ன பண்ணுவீங்க?"

பந்தல்ல அத்தனை தலையும் எங்க பக்கம் திரும்புச்சு. நாதஸ்வரக்காரர்கூட மூச்சு வாங்கறதுக்கு நிறுத்திட்டார். சகலை முகம் கறுத்துப் போச்சு.

"என் பேரன் காதுகுத்துல எனக்கே பாடம் நடத்தறியா? கொடுறா சாவியை."

பாக்கெட்டுல கையை விட்டுட்டார். நான் அவர் மணிக்கட்டைப் பிடிச்சேன். சட்டைப் பை சர்ருன்னு கிழிஞ்சு, சாவி கீழே விழுந்துச்சு. ரெண்டு பேரும் குனியறதுக்குள்ள பூங்கோதை எடுத்து முந்தானையில முடிஞ்சு இடுப்புல செருகிட்டா. அதுக்கு மேல யாரும் கை நீட்ட முடியாதுங்களே.

"சாவி கொடுக்காதவனுக்கு என் பந்தியில இலை கிடையாது"ன்னார் சகலை.

"வேண்டாம்"னு கிளம்பிட்டேன். எங்க பக்கம் ஒரு விசேஷத்துல சாப்பிடாம எந்திரிச்சுப் போறதுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. அக்கா தங்கச்சி பேச்சு வார்த்தை அறுந்து போகும். பல்லடம் வர்றப்ப பூங்கோதை முந்தானை முடிச்சை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கிட்டா. அப்புறம் சொன்னா: "பந்தல்ல நூத்தம்பது பேருங்க. நல்ல வேளை, நீங்க சாவியை மாத்தலை." அவ்வளவுதான். அப்புறம், "பசிக்குது, எங்கயாச்சும் நிறுத்துங்க"ன்னா. கிழிஞ்ச சட்டையோட ஒரு புரோட்டாக் கடையில உட்கார்ந்து ரெண்டு பேரும் சாப்பிட்டோம். ரொம்ப வருஷத்துக்கு அப்புறம் நாங்க ரெண்டே பேரா உட்கார்ந்து சாப்பிட்டது அன்னைக்குத்தான். சால்னா பிரமாதம்.

வீட்டுக்கு வந்ததும் சாவியை மருதாசலம் கழுத்துலயே மாட்டி விட்டேன். "யார் கேட்டாலும் கொடுக்காதே. நானே கேட்டாலும் கொடுக்காதே"ன்னேன். "உங்களுக்கு நாந்தான் கொடுக்கலையே, நடுவுல ஒரு நாள் தவிர"ன்னான் அவன்.

அப்புறம் திரும்ப இங்கே வந்தேன். பயிற்சி வேணும்னு இல்லை, சும்மா பொழுது போகலை. மூணாவது தடவை அஞ்சு கூம்பு. ஃபெயில். நாலாவது தடவை கூம்பைப் பார்க்கலை, போற இடத்தைப் பார்த்தேன். இது என் சொந்த யோசனை. பெடல் நடுங்குச்சு, அழுத்தினேன். வண்டி நூல் பிடிச்ச மாதிரி நேரா நின்னுச்சு. அந்தப் பொண்ணு அட்டையை மூடி வெச்சுட்டுக் கை கொடுத்துச்சு. அது ஆச்சு ஒரு மாசம்.

அப்ப இன்னைக்கு எதுக்கு வந்தேன்னு கேட்கறீங்களா? அங்க பாருங்க, தண்ணிக்குள்ள ஒரு மஞ்ச வண்டி சுத்துது. அதுக்குள்ள இருக்கறவர்தான் எங்க சகலை. என் மேல இருந்த கோவத்துல போயி ஐந்நூத்தி அறுபது ஹெச்.பி. வாங்கிட்டார். என்னைவிட நூறு கிரைண்டர் அதிகம். அவரும் முதல்ல அவங்க டிரைவரைத்தான் அனுப்பினார். மருதாசலம் இங்கே போன் பண்ணி, "நிஜமா ஓட்டப் போறது யாருன்னு கேளுங்க மேடம்"னு சொல்லிட்டான். நான் சொல்லித்தான் சொன்னான். அன்னைக்கு அந்த ரோட்டுல ஓடின பொடிசுகள்ல அவர் பேரனும் ஒண்ணுங்களே.

கட்டாயப் பயிற்சிங்கறது அநியாயம், அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்லை. அனுபவசாலிகளை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்? ஆனா எங்க சகலை மாதிரி ஆளுகளுக்குச் சட்டம் போட்டே ஆகணும். யார் அனுபவசாலி, யார் சகலைன்னு எப்படிப் பிரிக்கறதுன்னா கேட்கறீங்க? நான் பிரிச்சுக் கொடுக்கறேன்.

மூணு மாசமா பேச்சு இல்லை. அவர் தோக்கறதைக் கண்ணாரப் பார்க்கணும்னுதான் விடிகாலையில கிளம்பி வந்தேன். காப்பி வேற ஃபிளாஸ்க்குல. பூங்கோதைதான் ரெண்டு டம்ளர் வெச்சு விட்டா, ஏன்னு தெரியலை.

அடடே, பெரிய சுத்து. கூம்பு எத்தனை போச்சு, எண்ணினீங்களா? அழுத்துங்க சகலை, எடுக்காதீங்க, அழுத்துங்க... எடுத்துட்டார். முடிஞ்சுது. அந்தப் பொண்ணு எழுதுது பாருங்க.

இறங்கிட்டார். முட்டியைத் தடவிக்கறார். பாவம், சட்டையெல்லாம் வேர்வையில நனைஞ்சு போச்சு. யாரைத் தேடறார்? இங்கேதான் வர்றார் போலிருக்கு. தம்பி, கொஞ்சம் அந்தப் பக்கம் நகருங்க. அவருக்கு முட்டி வலி, நிக்க முடியாது.

வாங்க சகலை. உட்காருங்க. இந்தாங்க, காப்பி. சூடு, பார்த்துக் குடிங்க. இவர் டாக்டர், புதுசா வந்திருக்கார். சும்மா பேசிட்டிருந்தோம்.

நல்லாத்தான் ஓட்டினீங்க. எல்லாருக்கும் முதல் நாள் அப்படித்தான் இருக்கும்.

என்னங்க? நானா? நான் எத்தனை தடவையில பாஸ் பண்ணினேன்னா?

ஒரே தடவைதாங்க சகலை. வேணும்னா டாக்டர் தம்பியைக் கேட்டுப் பாருங்க. இவ்வளவு நேரமா அதைத்தான் சொல்லிட்டிருந்தேன். இல்லீங்களா தம்பி?